ஓரகத்தி வாசல் செருப்புகள்

புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றையாய் இருக்கிறவளைப் பார்த்து வயிறெரிந்தவள் இந்தப் பூலோகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய காலத்தில் படாமல் இருந்துவிட்டேன், இனிமேல் பட்டு என்ன ஆகப்போகிறது. என் பெயர் செண்பகவல்லி, அவள் பெயர் உலகம்மை. அண்ணனைக் கட்டியவள் நான், தம்பியைக் கட்டியவள் அவள். மாமனார் கட்டிய ஒரே வீட்டின் நடுவில் ஒரு சுவரை எழுப்பி, அந்தப் பாதி அவர்களுக்கு, இந்தப் பாதி எங்களுக்கு என்று ஆக்கியபோது வீட்டைத்தான் பிரிக்க முடிந்தது, வாசலில் கிடந்த நீளமான கல்படியைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு நிலைக்கும் அந்த ஒரே படிதான். அதில் என் பக்கம் எப்போதும் ஆறு ஜோடிச் செருப்புக் கிடக்கும்: என் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுடையது, மாமியாருடையது, இரண்டு மகன்கள், ஒரு மகள், பிறகு வாரில் ஊக்குக் குத்திய என் பச்சைச் செருப்பு. அவள் பக்கம் ஒரே ஒரு ஜோடி கிடக்கும்.

என் கொழுந்தனார் மஞ்சள் காமாலையில் போய்ச்சேர்ந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிய பிறகு, உலகம்மை தன் ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு பிடி அரிசியைப் போட்டு வைத்தாள். அது விசிலும் அடிக்காமல் வேகவும் செய்யாமல் அடிப்பிடித்துக் கருகிய நாற்றம் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்புறம் அவள் சின்னக் குக்கர் ஒன்று தேட ஆரம்பித்தாள். ஊர்க்கடைகளில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் மூன்று வாங்கி, இரண்டைத் திருப்பி அனுப்பினாள். தாலுகா ஆபீஸ் எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள், ஆதார் திருத்த வந்தவர்களுக்கும் பட்டா கேட்டு வந்தவர்களுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் ஒரு கோடு போடாத நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒற்றை ஆளாக இருக்கிறவர்களுக்கு என்னென்ன பாத்திரம் வேண்டும், என்னென்ன கேள்வி வரும் என்று எழுதிக்கொண்டே போனாள். ஒரு வெப்சைட் தொடங்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் நான் படியில் நின்று விசாரித்தேன்.

"ஏட்டி, பாத்திரக்கடையா வைக்கப்போறே?"

"கடை இல்லக்கா. ஒவ்வொண்ணா வாங்கிச் சமைச்சுப் பாத்து, எது நல்லாருக்குன்னு எழுதுவேன். படிக்கிறவுக அதுல இருக்க லிங்க்கைத் தொட்டா நேரா ஆன்லைன் கடைக்குப் போயிருவாக. அங்க வாங்குனா கடைக்காரன் எனக்குக் கமிஷன் குடுப்பான்."

"அப்ப தரகுன்னு சொல்லு."

"தரகுதான். பொய் சொல்லாத தரகு."

"அப்படி ஒரு தரகரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. சரி, அதென்ன ஒத்தை ஆளு? ஆறு பேரு இருக்க வீட்டுக்கு எழுதுனா ஆறு மடங்கு வருமே."

"ஆறு பேரு இருக்க வீட்டுக்கு எழுத ஆயிரம் பேரு இருக்காகக்கா. அந்தக் கூட்டத்துல போய் நான் எங்க நிக்க? ஒத்தை ஆளுக்கு யாரு இருக்கா?"

நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் எட்டு மாதம் எழுதினாள். ஒரு லிட்டர் குக்கரில் எத்தனை விசில், ஒரு ஆளுக்குச் சாம்பார் வைத்தால் பருப்பு எத்தனை கரண்டி, இரண்டே இட்லி வேகும் தட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு, கால் லிட்டர் பால் பொங்காமல் காய எந்தப் பாத்திரம், முந்தின நாள் குழம்பை மூன்றாம் நாளும் தின்னாமல் இருக்க என்ன வழி என்று, சமைத்துத் தின்று பார்க்காத எதையும் எழுதவில்லை. பிடி சுட்டால் சுடும் என்று எழுதினாள், மூடி இறுகினால் இறுகும் என்று எழுதினாள். நாற்பத்து மூன்று கட்டுரை எழுதி முடித்தும் ஒரு ஈ காக்கை அந்த வெப்சைட்டை எட்டிப்பார்க்கவில்லை என்று கேட்டு, கடவுள் மன்னிக்கட்டும், எனக்கு அன்றைக்கு இரண்டு தோசை கூடவே இறங்கியது.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, அவள் பக்கத்துப் படியில் ஒரு ஆம்பிளையின் நீல ரப்பர் செருப்பு வந்து கிடந்தது. இடது குதிகால் தேய்ந்திருந்தது, உள்ளே போகிறவன் கழற்றிப் போட்ட மாதிரி முனை வீட்டைப் பார்த்து இருந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்று நான் எட்டிப்பார்த்தேன். உள்ளே உலகம்மை தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாலு நிமிஷம் கழித்துச் செருப்பைக் காணவில்லை. வெப்சைட்டுக்கு அன்றைக்கு ஒருவர் வந்து, நாலு நிமிஷம் இருந்து, போனதாக அவள் திரை கணக்குக் காட்டியது.

அதற்கப்புறம் வெப்சைட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி வந்தது, அவர்கள் போனதும் போனது. ஆடிக்குள் இருபதும் முப்பதுமாகக் கிடந்தன: பிதுங்கிப்போன பாத்ரூம் செருப்புகள், பாலிஷ் போட்ட ஆபீஸ் ஷூக்கள், ஹாஸ்டல் பெண்களின் குதிகால் உயர்ந்தவை, நர்ஸ்கள் போடும் வெள்ளைச் செருப்பு, சிமெண்ட் படிந்த கேன்வாஸ். தெரு முதலில் இரண்டு நாள் கூடி நின்று பார்த்தது, மூன்றாம் நாள் அவரவர் வேலைக்குப் போய்விட்டது, ஏனென்றால் விருந்தாளி செருப்பை வாசலில் கழற்றுவது முறைதானே, அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது. நனைந்த செருப்பு அதிகம் வந்தால் பால்காரர் முத்தையா, "மெட்ராஸ்ல மழை போல," என்று சொல்லிவிட்டுப் போவார், டி.வி. அதைச் சாயங்காலம் சொல்லும். லிங்க்கைத் தொட்டுக் கடைக்குப் போகிறவர்களின் செருப்பு மறையும் முன்னால் மெல்லத் திரும்பி முனையைத் தெருவுக்குக் காட்டும் என்பதை டீக்கடைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து, "இது வாங்கும்," "இது சும்மா பார்த்துட்டுப் போற கேஸ்," என்று பந்தயம் நடந்தது. தெருநாய் ஒன்று ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு ஓட, அது வாயிலேயே மறைந்துபோக, அந்த நாய் ஒரு வாரம் யாரையும் பார்த்துக் குரைக்காமல் யோசனையாகவே படுத்திருந்தது. பேரூராட்சியிலிருந்து ஆக்கிரமிப்பு என்று அளக்க வந்தவர் டேப்பை விரித்ததும் பதினாறு ஜோடி ஒரே நேரத்தில் மறைந்துவிட்டது, அவர் வெறும் படியை அளந்து எழுதிக்கொண்டு போனார்.

கடைசியில் ஊர்ப் பெரியவர்கள், கோயில் வாசலில் நாற்பது வருஷமாகச் செருப்பு ஸ்டாண்டு வைத்து டோக்கன் கொடுக்கும் முத்துக்கருப்பனைக் கூட்டிவந்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாம் திரும்பிப் போற செருப்பு," என்றார். "ஆனா ஒரு விசயம் கவனிச்சீகளா? ஸ்டாண்டுல ஒரு செருப்பு வந்தா பக்கத்துல புருஷன் செருப்போ பிள்ளை செருப்போ கூட வரும். இதுல எதுவும் ஜோடி சேர்ந்து வரல. எல்லாம் தனியாளு."

உலகம்மை அன்றிலிருந்து காலையும் மாலையும் படியைப் பெருக்கி, செருப்புகளை வரிசையாக நேராக்கி வைத்தாள். அவளுக்குக் கமிஷன் வந்தது, வீட்டுக்கு வெள்ளையடித்தாள், ஜெராக்ஸ் கடைக்காரரே அவளை "மேடம்" என்றார். எனக்கு எரிந்ததெல்லாம் அந்தக் கமிஷனுக்கு இல்லை. தெருவில் போகிற ஒவ்வொருவரும் அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பதினெட்டு வருஷமாக என் பக்கம் கிடந்த ஆறு ஜோடியை ஒரு குருவி கூட நின்று பார்த்ததில்லை. ஒன்றுமில்லாதவள் என்று நாம் பாவப்பட்டுக்கொண்டிருந்த ஒருத்திக்குக் கூட்டம் கூடினால், பாவப்பட்ட நெஞ்சுக்குத்தான் முதலில் தீப்பிடிக்கிறது.

நானும் ஒரு வெப்சைட் தொடங்கினேன். மதுரையில் ஒருவனிடம் சொல்லி இரண்டே வாரத்தில் கட்டி வாங்கினேன்: பெரிய குடும்பத்துக்கான பாத்திரங்கள், பத்து லிட்டர் குக்கர், முப்பத்தாறு இட்லிப் பானை. எதையும் நான் வாங்கவுமில்லை, சமைத்துப் பார்க்கவுமில்லை. உலகம்மை எழுதியதையே எடுத்து, 'ஒரு' என்று இருந்த இடத்தில் 'பத்து' என்று மாற்றச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு பிடி பருப்பு பத்துப் பிடியானது, ஒரு விசில் பத்து விசிலானது. என் பக்கம் யாரும் வரவில்லை. ஒரே ஒரு ஜோடி மட்டும் தினமும் மத்தியானம் இரண்டடி தள்ளி என் நிலைக்கு முன்னால் வந்து கொஞ்ச நேரம் இருக்கும். அது உலகம்மையின் செருப்பு. என் வெப்சைட்டைத் திறந்து வேவு பார்க்கிறாள் என்று நான் அதன்மேல் தண்ணீரைக் கொட்டினேன்.

பிறகுதான் அந்தப் புத்தி வந்தது. வந்தவர்களின் செருப்பு காணாமல் போனால், திட்டிக்கொண்டு போவார்கள், அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். தெருவே சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் மத்தியானம் மூன்று மணிக்கு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு, ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் நாலு ஜோடியை அள்ளிப் போட்டு உள்ளே கொண்டுவந்தேன். என் நிலைப்படியைத் தாண்டிய செருப்பு மறையவில்லை. பரணில் போட்டேன். மறுநாளும் எடுத்தேன், அதற்கு மறுநாளும் எடுத்தேன்.

கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் அழக்கூடாது, பிடித்திருந்த பீடை அதோடு போயிற்று என்று சந்தோஷப்பட வேண்டும் என்று பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். என் மகள் பழனியில் புதுச்செருப்பைத் தொலைத்தபோது, "விடு, சனி தொலைஞ்சது," என்று நானே சொல்லியிருக்கிறேன். அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, பொறாமை வந்த இடத்தில் வேறொன்றுக்கும் இடமிருக்காது.

ஒரு வாரத்தில் உலகம்மையின் வெப்சைட்டில், கட்டுரைகளுக்கு அடியில் ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள், டீக்கடையில் அதே பேச்சாக இருந்தது. 'உங்க சைட்டைப் பார்த்துவிட்டு எழுந்தால் வாசலில் செருப்பைக் காணோம், ஆனால் அன்றைக்கே ஆறு வருஷம் பேசாத தம்பி வந்து கதவைத் தட்டினான்.' 'செருப்பு போனால் போகட்டும், எதிர் வீட்டுக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.' வெள்ளைச் செருப்புத் தொலைத்த நர்ஸ் அம்மா ஒருவர், தன் மகள் இப்போது தினமும் போன் செய்கிறாள் என்று எழுதி, கடைசியில் 'நன்றி' என்று மூன்று முறை போட்டிருந்தார். கூட்டம் மூன்று மடங்கானது, செருப்பு படியைத் தாண்டித் தெருவில் இறங்கியது. நான் ஆத்திரத்தில் இரண்டு கட்டைப்பை கொண்டுபோனேன்.

என் வீடு காலியாக ஆரம்பித்ததும் அப்போதுதான். எல்லாம் நல்ல காரணத்தோடுதான் நடந்தது. பெரியவனுக்குப் பூனாவில் வேலை கிடைத்தது, சர்க்கரைப் பொங்கல் வைத்து அனுப்பினேன். சின்னவன் பயிற்சிக்கு ஓசூர் போனான், மகளுக்குக் கோயம்புத்தூரில் காலேஜ், ஹாஸ்டல். மாமியார் மகளைப் பார்க்க ராஜபாளையம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கடைசியாக, கூட்டுறவு வங்கியில் இருந்த என் வீட்டுக்காரரைக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாற்றினார்கள். படியில் ஒவ்வொரு ஜோடியாகக் குறைந்து, ஐப்பசி பிறக்கையில் என் பச்சைச் செருப்பு மட்டும் கிடந்தது. பழக்கதோஷத்தில் ஆறு பேருக்கு உலை வைப்பேன், மீதியை மாட்டுக்குக் கொட்டுவேன். போன் செய்தால், "வேலையா இருக்கேம்மா," என்று மூன்று ஊரிலிருந்தும் ஒரே பதில் வந்தது.

கோயிலுக்குப் போனபோது முத்துக்கருப்பன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"எத்தனை ஜோடி எடுத்தீகம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எண்ணல," என்றேன்.

"செருப்பை எடுத்தா அதோட பீடையும் கூட வராதா? நாப்பது வருசம் ஸ்டாண்டு வச்சிருக்கேன், ஆளில்லாமக் கிடக்க ஒரு வாரைக் கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல. அத்தனையும் தனியாளு செருப்புன்னு அன்னைக்கே சொன்னேனே."

"திருப்பி வச்சிட்டா?"

"வச்சா திரும்பிப் போயிரும். செருப்பும் போகும், பீடையும் அவுககிட்டயே போகும்."

நான் வீட்டுக்கு ஓடி வந்து பரணில் ஏறினேன். கைக்கு முதலில் வந்தது அந்த வெள்ளைச் செருப்பு. கொண்டுவந்து உலகம்மை பக்கத்துப் படியில் வைத்தேன். வைத்த உடனேயே மங்க ஆரம்பித்தது, கல்லின் நிறம் அதன் வழியே தெரிந்தது. அந்த அம்மா போட்டிருந்த மூன்று நன்றியும் அப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. நாளைக்கு அந்த மகள் போன் செய்யமாட்டாள். நான் பொறாமைக்காரிதான், திருடிதான், ஆனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன். பாய்ந்து அந்தச் செருப்பைப் பிடுங்கி உள்ளே கொண்டுவந்து, பரணில் இருந்த இடத்திலேயே வைத்து, பரண் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் மத்தியானம் என் குக்கரில் ஒரு பிடி அரிசி வைத்தேன். விசில் அடிக்கவில்லை, வேகவில்லை, கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு, செல்போனை எடுத்து, வேறு வழியில்லாமல் அவளுடைய வெப்சைட்டைத் திறந்தேன். ஊரெல்லாம் படித்ததை, நான் திருடி எழுதியதை, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன். ஒற்றை ஆளுக்கு முதல் குக்கர் என்ற கட்டுரையின் நடுவில், கைப்பிடிக்கும் ரப்பர் வளையத்துக்கும் இடையில், அவள் இப்படி எழுதியிருந்தாள்:

'ஒரு லிட்டர் குக்கர் பன்னிரண்டு நிமிஷத்தில் சோறு ஆக்கிவிடும். எப்போது அடுப்பில் வைப்பது என்பதுதான் முக்கியம். எங்கள் பக்கத்து வீட்டில் ஆறு பேர். ஒரு மணிக்குத் தட்டுப் போடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும், அக்கா எல்லாரையும் அதட்டிச் சாப்பிட வைப்பார். அந்தச் சத்தம் வருகிற நேரத்துக்குச் சரியாக நானும் தட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். தனியாகச் சாப்பிடுவது போல இருக்காது. உங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு வீடு இருந்தால், அவர்கள் நேரம் பார்த்துக் குக்கரை வையுங்கள்.'

அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் நான் இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். கருகிய குக்கருக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன், வாய்விட்டே அழுதேன். அழுகை நின்றபோது வாசலில் என் செருப்பு இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் பச்சைச் செருப்பு, ஊக்குக் குத்திய வாரோடு, அவள் நிலைக்கு முன்னால், முனை உள்ளே பார்க்க, மற்றச் செருப்புகளோடு கிடந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த உலகம்மை துடைப்பத்தோடு வெளியே வந்தாள், ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டு வந்தவள் அந்த ஊக்கைப் பார்த்ததும் நின்றாள். என் வீட்டு வாசலைப் பார்த்தாள், அங்கே படி வெறுமையாய்க் கிடந்தது. பிறகு நான் பார்த்த மாதிரியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், சட்டென்று குனிந்து என் செருப்பை எடுத்து முந்தானைக்குள் மறைத்து, உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை மாதமும் செருப்பை எடுத்தது யார் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காதவள் அவள்.

சாயங்காலமே ராஜபாளையத்திலிருந்து மாமியார் போன் செய்தார். "இவ சமையல்ல உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல, ஆளனுப்பி என்னைக் கூட்டிட்டுப் போ," என்றார். அவர் வைத்ததும் மகள் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை லீவு போட்டு வருவதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. மறுநாள் காலையில் ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்பை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அவள் வாசலுக்குப் போனேன். அவள் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பி நின்றாள். காலில் என் செருப்பு.

"ஏட்டி, அது என் செருப்பு."

"தெரியும்க்கா."

"குடுத்துரு."

"குடுக்க மாட்டேன்."

"இருக்கது பத்தாதா ஒனக்கு? இதையும் எதுக்குத் தூக்கிச் சுமக்கே?"

"எனக்குப் பழகுனதுக்கா. ஒங்களால முடியாது," என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு மணிக்குக் கொஞ்சம் சத்தமாச் சாப்பிடுங்க. அது போதும்," என்றாள்.

"சத்தம் என்னத்துக்குட்டி சத்தம்? ஒரு மணிக்கு வந்து எங்கூட உக்காந்து தின்னு," என்று அதட்டி, குழம்புக் கிண்ணத்தை அவள் கையில் திணித்தேன். "வரலைன்னா நான் ஜெராக்ஸ் கடைக்கே வந்து இழுத்துட்டு வருவேன்."

"வாரேன்க்கா," என்றாள். கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து, படியிறங்கி, தெருவில் நடந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளுக்கு வணக்கம் வைத்தார்கள். எனக்கு ஒரு வருஷமாக வலது குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்த அந்தச் செருப்பு, அவள் காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அத்தனை கச்சிதமாக இருந்தது. வெறுங்காலோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.